மூடுபனியில் ஒரு நிமிடம்: வீடியோ வகுப்பு கேள்வி – பதில்

நீலகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோ கலை சொல்லிக்கொடுப்பவர்கள், அவர்களுக்கு இடம் கொடுக்கும் ஆசிரியர்கள், பெற்றோர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்ற கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டோம். அதற்கு இன்று சொல்லும் பதில் அடுத்த தீபாவளிக்குப் பழசாகிவிடும்.

எங்கள் ஊரில் வீடியோ கலைஞர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறார். மகள் ஒரு மாதமாகப் போகிறாள். இதுவரை ஒரு குறும்படம்கூட எடுத்தபாடில்லை. தண்ணீர்த் தொட்டியை ஒரு நிமிடம் எடுத்துவந்து காட்டுகிறாள். இதற்கா வகுப்பு?
– ஒரு தாய், கோத்தகிரி

இதற்குத்தான். குறும்படத்துக்குக் கதை வேண்டும், நடிக்க ஆள் வேண்டும். வீடியோ கலைக்கு நேரமும் வெளிச்சமும் திரையுமே சரக்கு. 1963-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ‘நாம் ஜூன் பைக்’ (Nam June Paik) என்ற கொரியக் கலைஞர் டிவி பெட்டிகளைக் காட்சிக்கு வைத்து, அவற்றில் ஓடிய படத்தைக் குலைத்தும் வளைத்தும் காட்டினார். 1974-இல் அவர் செய்த ‘டிவி புத்தா’வில் ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு கேமரா, ஒரு டிவி. சிலை தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நம் நாட்டில் நளினி மலானி ஒளி ஊடுருவும் உருளைகளில் ஓவியம் தீட்டி, அவற்றைச் சுழலவிட்டு, நிழலும் வீடியோவும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி செய்தவர். இவற்றில் எதையும் ‘கதை என்ன?’ என்று கேட்டுப் பார்க்க முடியாது.

உங்கள் மகள் எடுத்த தொட்டியை அவளோடு உட்கார்ந்து முழு நிமிடமும் பாருங்கள். எத்தனையாவது வினாடியில் என்ன மாறியது என்று மட்டும் கேளுங்கள். அவள் பதில் சொல்லிவிட்டால் வகுப்பு சரியாகத்தான் நடக்கிறது.

14 பிள்ளைகள், 4 போன், இரண்டு மணி நேரம். முதல் வகுப்பை எப்படி நடத்துவது?
– அரசுப் பள்ளி ஆசிரியை, குன்னூர்

ஒரு போனுக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஒருவர் எடுக்கட்டும், ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், மற்றவர்கள் காதில் விழும் சத்தங்களைத் தாளில் குறிக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஆள் மாறவேண்டும். மாற்றாவிட்டால் போனுக்குச் சொந்தக்காரப் பிள்ளையே இரண்டு மணி நேரமும் எடுக்கும்.

ட்ரைபாட் (முக்காலி) வேண்டாம். பழைய காலுறையில் முக்கால் கிலோ மணலைப் போட்டு இறுக முடிச்சுப் போடுங்கள். மதில்மேலோ கல்லின்மேலோ வைத்து, நடுவில் ஒரு பள்ளம் அழுத்திவிட்டால் போன் ஆடாமல் உட்காரும். மலிவு ட்ரைபாடைக் காட்டிலும் காற்றில் இதுதான் உறுதி.

அடுத்து போனைத் தயார் செய்வது. முதல் வேலை லென்ஸைப் பருத்தித் துணியால் துடைப்பது. மங்கலாக வந்த படத்துக்கு மூடுபனிமேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி இடைவேளையில் தின்ற வடையின் எண்ணெய். பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்பதாவது வினாடியில் யாராவது அழைப்பார்கள். வீடியோவின் அளவை (ரெசல்யூஷன்) 1080-இல் வையுங்கள், 4கே வேண்டாம். வினாடிக்கு 17 மெகாபிட் என்ற வழக்கமான வேகத்தில் 1080 வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 4கே இதைப்போல மூன்று மடங்காவது கேட்கும். பழைய போன்கள் அதில் மூச்சுமுட்டிப் பாதியிலேயே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை ஒரே வரி: கேமரா அசையக் கூடாது, படத்துக்குள் ஏதாவது தானாக அசையவேண்டும், ஒரு நிமிடம். கொடியில் காயும் துணி, டீ ஃபேக்டரிப் புகை, வடியும் ஓடை எதுவானாலும் சரி. ஜூம் கூடாது. விரலால் இழுக்கும் ஜூம் பெரும்பாலான போன்களில் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், புள்ளி புள்ளியாக உடையும். திரையில் முக்கியமான இடத்தில் விரலை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபோக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதைச் செய்த பிறகே பதிவுப் பொத்தான்.

என்னென்ன தப்பாகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறோம். இருபது வினாடியில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் கடிகாரம் பார்க்க ஒருவர். கேமராவுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது தலைகீழ்ப் பதிவு: பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்ற குழப்பத்தில் மறுபடி அழுத்தி, எடுக்கவேண்டியபோது நிறுத்தி, முடித்துக் கிளம்பும்போது தொடங்கிவிடுவார்கள். கார்டில் செருப்புகளும் புல்லும்தான் இருக்கும். திரையில் வினாடி எண் ஓடுவதைக் கடிகாரக்காரர் உரக்கப் படித்த பிறகே பதிவு தொடங்கியதாகக் கணக்கு என்று விதி வைத்துவிடுங்கள்.

நாற்பது நிமிடம் எடுக்க, நாற்பது நிமிடம் பார்க்க என்று ஒதுக்குங்கள். பார்க்கும் நேரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். கோப்புகளை கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும்.

எங்கள் பள்ளிக்குள் போன் கொண்டுவரத் தடை. அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா?
– ஆசிரியர், மஞ்சூர்

வகுப்பறையையே கேமராவாக்கலாம். பிள்ளைகள் முதலில் பார்க்கவேண்டியதே இதுதான் என்பது எங்கள் கருத்து. வெயில்படும் மரங்களைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை வேண்டும். ஜன்னலைக் கறுப்பு சார்ட் பேப்பரால் இரண்டு அடுக்கு மூடி, ஓரங்களைப் பழுப்பு டேப்பால் அடையுங்கள். கதவின் அடியிலும் போர்வையைத் திணியுங்கள். நடுவில் 12 முதல் 15 மி.மீ. அளவில், சுண்டுவிரல் நுழையும்படி, ஒரு துளை. துளையிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டரில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள்.

விளக்கை அணைத்ததும் ஒன்றும் தெரியாது. ‘வரலை சார்’ என்பார்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதன்பின் வேட்டியில் மரம் தலைகீழாக, நிறத்தோடு, இலை அசைய நிற்கும். மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராகக் கீழே இறங்குகிறது, அடியிலிருந்து வருவது மேலே ஏறுகிறது, அதனால்தான் தலைகீழ். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், கூர்மை குறையும். மூன்று அளவில் துளையிட்ட அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துக் காட்டுங்கள். மதியத்துக்குமேல் மேகம் இறங்கிவிடும் ஊர் உங்களுடையது, காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மூடுபனியில் எடுத்தால் எல்லாம் சாம்பல் நிறமாக வருகிறது. ஃபோக்கஸும் முன்னும் பின்னும் ஓடுகிறது.
– கல்லூரி மாணவர், ஊட்டி

திரையில் வெள்ளை நிறைந்திருந்தால் கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்து அதை நடுத்தரச் சாம்பலுக்கு இறக்கிவிடும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) கோட்டை +0.7 அல்லது +1-க்கு ஏற்றுங்கள். ஃபோக்கஸ் ஓடுவதற்குக் காரணம், பிடித்துக்கொள்ள விளிம்பு எதுவும் இல்லாதது. அதே தூரத்தில் இருக்கும் சில்வர் ஓக் தண்டிலோ கரண்ட் கம்பத்திலோ அழுத்திப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ‘ஆட்டோ’வில் விடாமல் மேகக் குறிக்கு மாற்றினால் நீலம் பாயாது. ஐந்து மீட்டருக்குள் கறுப்பாக ஏதாவது ஒன்று, ஒரு கிளையோ வேலியோ, படத்தில் இருக்கட்டும். அது இல்லாத மூடுபனி வெறும் வெள்ளைத்தாள்.

பள்ளிக்கு நன்கொடையாக வந்த பழைய கேமராவின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை.
– தலைமை ஆசிரியர், கூடலூர்

அது பூஞ்சை. கண்ணாடிக்கு உள்பக்கம் வளர்கிறது, வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும். முற்றியிருந்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், அதற்குமேல் செலவழிக்காதீர்கள். ஓரத்தில் மெல்லிய இழை இரண்டு மூன்று மட்டும் என்றால் படத்தில் தெரியாது, பயன்படுத்தலாம். ஆனால் நல்ல லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 60, 65 சதவீதத்துக்குமேல் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தேவாலா, சேரம்பாடி, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்தே அப்படித்தான். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையோடு வரும். வேடிக்கை என்னவென்றால், தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காகத்தான் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலைக்கே ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் ‘இந்து’ ஃபிலிமின் பெயரில் இந்து நகர் என்று இன்றும் பெயர் நிற்கிறது. ஃபிலிம் செய்ய ஒத்துவந்த ஊரில் லென்ஸைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் 250 கிராம் சிலிகா ஜெல், துணிப்பையில் கட்டி. கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவே காட்டவேண்டும். 30-க்குக் கீழே போகவிட்டால் ரப்பரும் உள்ளே இருக்கும் கிரீஸும் காயும். ஜெல்லில் ஆரஞ்சு வகையாக வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு வேண்டாம். பச்சையானதை 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஓவன் இல்லையென்றால் இரும்புக் கடாயில் சிறு தீயில், பெரியவர் யாராவது கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். சமையலுக்கு அந்தக் கடாயைத் திரும்ப எடுக்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பது பயனில்லை. மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு தொல்லை. உறைபனியில் எடுத்துவிட்டு, நாற்பது பேர் மூச்சுவிடும் வகுப்பறைக்குள் நுழைந்தால் லென்ஸ்மேல் மட்டுமல்ல, உள்ளேயும் நீர் கோக்கும். வெளியில் இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி உள்ளே கொண்டுவாருங்கள். அரை மணி கழித்துத் திறந்தால் நீர் பையின்மேல்தான் கோத்திருக்கும். பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் அது 40 சதவீதம் காட்டிவிட்டுத் திடீரென அணையும், சூடேறினால் திரும்ப வரும்.

கேரட், பீன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டும் ஸ்டாப் மோஷன் எடுத்தோம். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் மினுக்கு மினுக்கென்று துடிக்கிறது.
– மாணவர் மன்றப் பொறுப்பாளர், கேத்தி

துடிப்புக்கு மூன்று காரணங்கள். முதலாவது, போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்குப் போடுவது. ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலியில் எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோக்கஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கையால் வைக்க முடிந்தால் 1/50 வினாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/50, 1/100 இரண்டும் அதோடு பொருந்தும், 1/60 பொருந்தாது. இரண்டாவது, ஜன்னல். உங்கள் ஊர் மேகம் நிமிடத்துக்கு ஒரு தடவை சூரியனை மூடித் திறக்கும். ஜன்னலைப் போர்வையால் அடைத்து இரண்டு எல்இடி பல்பில் எடுங்கள். மூன்றாவது யாரும் நினைக்காதது: வெள்ளைச் சட்டை. சீருடைப் பிள்ளை மேசைக்குக் கிட்டே வந்து போகும்போதெல்லாம் அந்தச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. கேரட்டை நகர்த்துபவர் கறுப்பு ஸ்வெட்டர் போடட்டும். படம் எடுக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில், கோடு போட்டு நிற்கட்டும்.

வினாடிக்கு 12 படம் போதும். 10 வினாடிக்கு 120. சின்னப் பிள்ளைகளுக்கு 8 வைத்தாலும் குறையில்லை. ஒரு அசைவுக்கு 5 மி.மீ. என்று அளவுகோலில் அளந்து பழகட்டும், தொடங்கும்போதும் நிற்கும்போதும் 2 மி.மீ. இந்தக் கடைசி விஷயத்தில்தான் கேரட்டுக்கு உயிர் வரும். போனைத் தொட்டு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் மயிரிழை நகரும். வயர் இயர்போனை மாட்டி அதன் ஒலி கூட்டும் பொத்தானால் எடுங்கள், பல போன்களில் அதுவே ஷட்டர். இரண்டு மணி நேரத்தில் வெட்டிய கேரட் வாடிச் சுருங்கும், அது படத்தில் தெரியும். முழுக் கேரட்டாக வையுங்கள்.

வீட்டில் அரசு கொடுத்த பழைய கலர் டிவி ஒன்று சும்மா கிடக்கிறது. வகுப்புக்கு ஆகுமா?
– வீடியோ கலைஞர், அரவங்காடு

தங்கம். 2006-க்குப் பிறகு வீடு வீடாக வந்த அந்தப் படக்குழாய் டிவியில் மஞ்சள் ஏவி துளை இருக்கும். பழைய கேம்கார்டரின் மஞ்சள் வயரை அதில் செருகுங்கள். புதிய கேமரா என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டி நடுவில் வேண்டும். இப்போது கேமராவை அந்த டிவியையே பார்க்கத் திருப்புங்கள். இதுதான் வீடியோ ஃபீட்பேக்.

அறையை இருட்டாக்குங்கள். டிவி திரை கேமரா படத்தின் முக்கால் பாகத்தை அடைக்கும் தூரத்தில் நில்லுங்கள். திரைக்குள் திரை, அதற்குள் திரை என்று சுரங்கம் போகும். கேமராவை 15 டிகிரி சாய்த்தால் சுரங்கம் முறுக்கிக்கொண்டு சுழலும். இன்னும் கிட்டே போய், திரை படத்தைத் தாண்டி வழிந்தால் எல்லாம் வெள்ளையாகி வெடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருக்கிறது, அங்கேதான் பூவாக விரியும், நத்தையாகச் சுருளும். ஒரு பிள்ளை திரைக்கு முன்னால் கையை நீட்டி மெல்ல விரலைப் பிரித்தால், அந்தக் கை நூறு கைகளாகப் பின்வாங்கிப் போகும். வரவில்லையென்றால் ஆட்டோ எக்ஸ்போஷர்தான் கெடுக்கிறது, கையால் இறக்குங்கள். டிவியின் காண்ட்ராஸ்ட்டையும் ஏற்றிப் பாருங்கள். எல்சிடி டிவியிலும் வரும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சின்னத் தாமதம் சேர்ந்து வால் நீளும். அதுவும் அழகுதான்.

காந்தம் வைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்பார்கள். கலர் படக்குழாயில் பலத்த காந்தம் பட்டால் உள்ளிருக்கும் தகட்டில் காந்தம் ஏறி, நிறக்கறை நின்றுவிடும். டிவியை அரை மணி அணைத்துவிட்டு மறுபடி போட்டால் உள்ளே இருக்கும் காந்தநீக்கிச் சுருள் லேசான கறையை எடுக்கும், பலமானதை எடுக்காது. பழுதானாலும் பரவாயில்லை என்ற டிவியில் மட்டும் செய்யுங்கள். பின்மூடியை மட்டும் யாரும், எந்தக் காரணத்துக்கும் கழற்றக் கூடாது. உள்ளே 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். துடிக்கும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பதால், வலிப்பு வந்த வரலாறு உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

காற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. – கோத்தகிரி

கம்பளிக் குல்லாவின் ஒரு துண்டை மைக் துளைமேல் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இதைவிட நல்லது, இரண்டாவது போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து ஒலியைத் தனியாகப் பதிவதே. இரண்டும் ஓடும்போது ஒரு கைதட்டல். எடிட்டில் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தலாம். தகரக் கூரைமேல் மழை பெய்யும்போது பேட்டி எடுக்காதீர்கள், மழையைப் பதியுங்கள்.

தோடர் மந்துக்கு (தோடர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு) பிள்ளைகளை அழைத்துப்போய் எடுக்கலாமா? ட்ரோன்? – ஊட்டி

மந்து ஒருவருடைய வீடும் கோயிலும். முன்கூட்டியே பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் எல்லைக்குள் எடுங்கள். கோயிலுக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. எடுத்ததை முதலில் அவர்களுக்குப் போட்டுக்காட்டுங்கள். தோடர் பிள்ளைகளே வகுப்பில் இருந்தால் அவர்கள் எடுக்கட்டும், அது வேறு படமாக வரும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

நாங்கள் பழனிமலைப் பக்கம். மேகம் ஏறி வருவதை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டுப் படமெடுத்து வேகமாக ஓட்டுவது) எடுக்க என்ன இடைவெளி? – பூம்பாறை

ஓடும் மேகத்துக்கு 3 வினாடிக்கு ஒரு படம். ஒரு மணி நேரத்துக்கு 1,200 படம், வினாடிக்கு 25 என்று ஓட்டினால் 48 வினாடி. உங்கள் பூண்டு வயலின் நிழல் நகர்வதற்கு 20 வினாடி இடைவெளி போதும். போன் பவர்பேங்கில் இருக்கட்டும், எக்ஸ்போஷர் பூட்டியிருக்கட்டும். நடுப்பகல் சூரியனை நேராக மணிக்கணக்கில் பார்க்கவிடாதீர்கள், சென்சார் கெடும்.

சூரியனுக்கு உங்கள் ஊரிலேயே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ‘நாளுக்கு ஒரு படம்’ என்ற இடைவெளியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிள்ளைகள் ஒரே ஜன்னலை, ஒரே அடையாளத்தில் நின்று, ஒரு பருவம் முழுக்கத் தினமும் ஒரு படம் எடுக்கட்டும். நிற்கும் இடத்தில் தரையில் பெயின்ட் குறி அவசியம்.

ஆண்டு முடிவில் ஊராருக்குக் காட்டவேண்டும். திரைக்குப் பணமில்லை. கரண்டும் போய்ப் போய் வரும். – குன்னூர்

ஒற்றை மடி மல்வேட்டியை இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி, பின்பக்கமிருந்து ப்ரொஜெக்டரைப் போடுங்கள். முன்னால் உட்காருபவர் தலை மறைக்காது. மேல்கீழ் இரண்டு பக்கமும் மூங்கில் கோத்தால் காற்றில் படபடக்காது. வேட்டியை லேசாக நனைத்தால் ஒளி நன்றாக ஊடுருவும், ஆனால் குன்னூர்க் காற்றில் கால் மணியில் காய்ந்துவிடும், பக்கெட்டும் ஆளும் தயாராக இருக்கட்டும். இரண்டு மீட்டர் அகலத்துக்கு, நன்றாக இருட்டிய பிறகு, 3,000 லூமன் ஒளி உள்ள ப்ரொஜெக்டர் தாராளம். பல்பு வகை ப்ரொஜெக்டருக்குத் திடீரென்று கரண்ட் போனால் ஆபத்து, விசிறி நின்று பல்பு வெந்துவிடும். திரும்ப வந்தாலும் பத்து நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள். எல்இடி வகைக்கு இந்தப் பயம் குறைவு, சின்ன யுபிஎஸ்ஸிலும் ஓடும். பின்பக்கமிருந்து போடும்போது பிள்ளைகளின் பெயரெல்லாம் இடவலம் மாறித் தெரியும். மெனுவில் ‘ரியர்’ என்று மாற்றினால் நேராகிவிடும். இதைக் கூட்டம் வருவதற்கு முன்பே செய்து பார்த்துவிடுங்கள்.